நம் ஊர் இடத் தரவுகளைப் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்ப்பது: டர்பன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் வரைபடப் பிரிவில் வேலை செய்கிறேன். கோயில் கமிட்டிக்காரர்கள், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள், பூட்டனின் ஊரைத் தேடுகிறவர்கள், ஆய்வு மாணவர்கள் என்று பலர் பென் டிரைவோடும் மடித்து மடித்துக் கிழிந்த காகிதப் படங்களோடும் வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இடத் தரவு என்றால் என்ன? எங்கள் கோயிலில் அப்படி ஒன்றும் இல்லையே.

இருக்கிறது. கோயில் நிலத்தின் எல்லைப் படம், காவடி புறப்பட்டுப் போகும் பாதை, இடுகாட்டில் யார் எந்த வரிசையில் என்று எழுதிய நோட்டு, பழைய கரும்புத் தோட்டத்தில் பேரக்ஸ் (கூலிகளின் வரிசை வீடுகள்) எங்கே நின்றது என்று தாத்தா பென்சிலால் போட்ட படம், எல்லாமே இடத் தரவுதான். 'எங்கே' என்று கேட்டால் பதில் சொல்லும் எந்தப் பதிவும் இதில் சேரும். கணினியில் ஏறியிருக்க வேண்டும் என்பதில்லை. ஏற்றும் வேலையைச் சேர்ந்து செய்யலாம்.

கூகுள் மேப்பில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் போதாதா?

இன்றைக்கு வழி கண்டுபிடிக்கப் போதும். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தால் காலி செய்யப்பட்ட வீடுகள் எங்கே இருந்தன என்று அது சொல்லாது. நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பேரக்ஸில் எந்த வரிசையில் யார் குடியிருந்தார்கள் என்றும் சொல்லாது. இல்லாமல் போன இடங்களைக் காட்டுவது அதன் வேலையும் இல்லை. நம் ஆட்களுடைய இடங்களில் பாதி அப்படி இல்லாமல் போனவைதான்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் புள்ளி பெரும்பாலும் கமிட்டியில் ஒரு தம்பியின் கணக்கில் இருக்கும். அவர் வேலை கிடைத்து ஜோகன்னஸ்பர்க் போய்விட்டால், அதை யார் திருத்துவது?

நூலகம் மட்டும் பத்திரமா? அங்கேயும் தீப்பிடிக்காதா?

நியாயமான கேள்வி. 2021 ஏப்ரல் 18 அன்று டேபிள் மலையில் பரவிய தீ கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் ஜேகர் நூலகத்தை எரித்தது. அதன் வாசிப்புக் கூடம் கூரையோடு போயிற்று. ஆப்பிரிக்க ஆய்வு நூல்களில் பெரும் பகுதி அதோடு போயிற்று. நூலகத்தில் வேலை செய்கிற யாருக்கும் அந்த நாள் மறக்காது.

அதனால்தான் 'கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள்' என்று நான் சொல்வதில்லை. மூலக் காகிதம் உங்களிடமே இருக்கட்டும். நல்ல தரத்தில் எடுத்த நகல் நூலகச் சேமிப்பகத்தில் இருக்கட்டும். மூன்றாவது நகல் வேறு ஊரில் இருக்கட்டும். நம் பக்கத்து ஆபத்து நெருப்பைவிடத் தண்ணீர்தான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டின் குடிநீர் நிலையமே அடித்துப் போனது. அதன் பிறகு ஒரு கோயில் கமிட்டியின் செயலாளர் ஐயா சேறு படிந்த மடிக்கணினி ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். இடுகாட்டுப் பட்டியல் முழுவதும் அதில்தான் இருந்தது, வேறு நகல் இல்லை. எதையும் மீட்க முடியவில்லை. அவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கப்பல் பட்டியலில் பூட்டன் பெயர் கிடைத்தது. அதையும் நிலப்படத்தையும் எப்படிச் சேர்ப்பது?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று பதிவேட்டில் எழுதினார்கள். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இந்தப் பட்டியல்களைக் கணினியில் தேடலாம்.

சேர்க்கும்போது பெயரை நம்பாதீர்கள், காலனி எண்ணை நம்புங்கள். முனுசாமி என்ற பெயரை எழுத்தர் தன் காதில் விழுந்தபடி நாலைந்து விதமாக எழுதியிருப்பார். எண் ஒன்றுதான் ஆளுக்கு ஆள் வேறு. உங்கள் அட்டவணையில் மேலிருந்து கீழே இறங்கும் முதல் பத்தி அந்த எண்ணாகவே இருக்கட்டும். அப்புறம் அவர் எந்த எஸ்டேட்டுக்கு அனுப்பப்பட்டார், ஒப்பந்தம் முடிந்த பிறகு எங்கே குடியேறினார் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தனி வரி போடுங்கள். ஒரே வரியில் எல்லா இடத்தையும் திணித்தால் படத்தில் ஏற்ற முடியாது.

இந்தியப் பக்கத்து ஜில்லாவைப் பதியும்போது கவனம் வேண்டும். பட்டியலில் 'வட ஆற்காடு' என்று இருந்தால் அது அன்றைய வட ஆற்காடு. இன்று அது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்து கிடக்கிறது. ஒரு பகுதி ஆந்திரத்தின் சித்தூர் பக்கம் போய்விட்டது. கிராமம் எது என்று உறுதியாகத் தெரியாதபோது இன்றைய வேலூர் நகரத்தின் மேல் புள்ளி வைப்பது தப்பு. பார்க்கிறவர்கள் பூட்டன் வேலூர்க்காரர் என்றே நினைத்துக்கொள்வார்கள். பட்டியலில் உள்ளதை உள்ளபடி ஒரு பத்தியில் எழுதி, உங்கள் ஊகத்தைப் பக்கத்துப் பத்தியில் 'ஊகம்' என்று சொல்லியே எழுதுங்கள்.

ஜிபிஎஸ் எண்களை எழுதிக்கொண்டு வந்தேன். படத்தில் போட்டால் கோயில் கடலில் விழுகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் வருகிற கோப்புகளில் அதிகம் பார்ப்பது இந்தக் கோளாறுகளைத்தான்.

முதலாவது, கழித்தல் குறி. நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். டர்பன் நகர மையம் ஏறக்குறைய -29.86, 31.02. முன்னால் உள்ள அந்தச் சின்னக் கோட்டை விட்டுவிட்டால் உங்கள் கோயில் எகிப்தில், கெய்ரோவுக்குத் தென்மேற்கே பாலைவனத்தில் போய் நிற்கும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறினால் அட்லாண்டிக் கடலுக்கு நடுவே. உங்கள் கோயில் கடலில் விழுந்தது அப்படித்தான் இருக்கும். சில மென்பொருள்கள் அட்சரேகையை முதலில் கேட்கும், கேஎம்எல், ஜியோஜேசன் என்ற வரைபடக் கோப்பு வகைகள் தீர்க்கரேகையை முதலில் வைக்கும். எது எந்தப் பத்தி என்று தலைப்பில் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, பாகையும் (டிகிரி) கலையும் (மினிட்). பழைய கருவியில் 29 பாகை 51 கலை என்று இருந்ததை 29.51 என்று எழுதிக்கொண்டு வருவார்கள். கலையை 60-ஆல் வகுக்க வேண்டும், அது 29.85. அப்படிச் செய்யாவிட்டால் இடம் 38 கிலோமீட்டர் தள்ளிப் போகும்.

மூன்றாவது, இந்த நாட்டில் அடிக்கடி வரும் தொல்லை. தென்னாப்பிரிக்க அமைப்பில் உள்ள விண்டோஸ் கணினி தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடும். 31.02 என்பது 31,02 ஆகிவிடும். அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் சிஎஸ்வி கோப்பில் காற்புள்ளிதான் பத்தி பிரிக்கும் குறி. ஒரு எண் இரண்டு பத்தியாக உடைந்து அட்டவணை முழுவதும் குழம்பிப்போகும். கணினியின் வட்டார அமைப்பில் தசமக் குறியைப் புள்ளியாக மாற்றிவிட்டு, பிறகு சேமியுங்கள்.

எத்தனை தசம இலக்கம் வேண்டும் என்றும் கேட்கிறார்கள். ஐந்து போதும். ஐந்தாவது இலக்கம் ஒரு மீட்டர் அளவைக் காட்டும். கைப்பேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் முன்பின்னாகத்தான் சொல்லும். எட்டு இலக்கம் எழுதினால் துல்லியம் கூடிவிடாது, இருப்பது போல ஒரு பொய்த் தோற்றம்தான் கிடைக்கும்.

பழைய நில அளவைப் படத்தில் 'லோ 31' என்று எழுதியிருக்கிறது. அது என்ன?

தென்னாப்பிரிக்காவின் சமதள ஆயமுறை அது, அதாவது இடத்தை மீட்டர் எண்களால் குறிக்கும் முறை. நாட்டை இரண்டு இரண்டு பாகை அகலப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுக் கோட்டின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். டர்பன் 31 பாகைக் கோட்டுப் பட்டையில் வருகிறது. இதில் எண்கள் தெற்கு நோக்கியும் மேற்கு நோக்கியும் கூடிக்கொண்டே போகும். பெரும்பாலான நாட்டு முறைகளுக்கு நேர் எதிர். தெரியாமல் ஏற்றினால் படம் தலைகீழாகும்.

இதைவிட முக்கியம் ஆண்டு. 1999 ஜனவரி 1 முதல் நாடு பழைய கேப் ஆதாரத்தை, அதாவது எல்லா நில அளவுகளுக்கும் அடிப்படையாக இருந்ததை, விட்டு ஹார்ட்டிபீஸ்ட்ஹூக்94 என்ற புதிய ஆதாரத்துக்கு மாறியது. பிரிட்டோரியா பக்கத்தில் உள்ள வானொலித் தொலைநோக்கி நிலையத்தின் பெயர் அது. பழைய படத்து லோ எண்களைப் புதிய முறை என்று நினைத்து ஏற்றினால் சில நூறு மீட்டர் விலகும். ஒரு இடுகாட்டை அடுத்த தெருவில் கொண்டுபோய் வைக்க அது போதும். படத்தின் மூலையில் அச்சிட்ட ஆண்டு இருக்கும், அதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஆயமுறையைத் தேர்ந்தெடுக்க ஒரு எண் உண்டு: புதிய லோ 31-க்கு 2054, ஹார்ட்டிபீஸ்ட்ஹூக்94 பாகைகளுக்கு 4148, பழைய கேப் பாகைகளுக்கு 4222.

ஒரே கோயில் இரண்டு இடத்தில் இருந்திருக்கிறது. எந்த இடத்தைப் பதிவது?

இரண்டையும். உம்பிலோ அம்பலவாணர் ஆலயத்தையே பாருங்கள். 1875 வாக்கில் உம்பிலோ ஆற்றங்கரையில் கட்டிய கோயில் வெள்ளத்தில் போனது. இன்று, பெல்லேர் சாலையாக இருந்த வூசி ம்சிமேலா சாலையில் நிற்பது 1947-இல் திறந்தது. பழைய கோயிலின் செதுக்குக் கதவுகள் இந்தக் கட்டடத்தில் இருக்கின்றன. பக்தர்களுக்கு அது ஒரே கோயில். தரவில் அது இரண்டு புள்ளி, ஒவ்வொன்றுக்கும் தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு, இரண்டையும் இணைக்க ஒரு பொது அடையாள எண். வெள்ளம் வந்துபோன ஆற்றங்கரைகளைப் பற்றி ஆராய்கிற மாணவர் ஒருவருக்கு, நாம் 'பழைய கோயில்' என்று சொல்லிவிட்டுப் போகும் அந்த முதல் புள்ளிதான் பொன்.

தெருப் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் இப்படித்தான். கிரே தெரு இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ தெரு. பிரின்ஸ் எட்வர்ட் தெரு நிறவெறியை எதிர்த்த நம் டாக்டர் கூனத்தின் பெயரைத் தாங்குகிறது. ஸ்டேங்கர் குவாதுகூசா ஆகிவிட்டது, டோங்காட்டை ஓதோங்காதி என்கிறார்கள். பெரியவர்கள் இன்னும் கிரே ஸ்ட்ரீட் என்றுதான் சொல்வார்கள். பழைய பெயர், இன்றைய பெயர், சூலுப் பெயர், நம் வீட்டில் தமிழில் வழங்கும் பெயர் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி கொடுங்கள். எதையும் அழிக்க வேண்டாம்.

தமிழிலேயே தரவைப் பதியலாமா?

தாராளமாக. பழைய கமிட்டி நோட்டுகளைத் தமிழில் எழுதி வைத்தவர்களின் பேரப் பிள்ளைகளில் பலருக்கு இன்று அதைப் படிக்க வராது. அந்தச் சொற்களை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு மூலத்தை விட்டால் பாதிப் பொருள் போய்விடும். தமிழையும் வைத்து, ஆங்கிலத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

கோப்பு வகையில்தான் சிக்கல். ஷேப்ஃபைல் என்பது வரைபடத் தரவுக்கான பழைய கோப்பு வடிவம். அதில் பத்தித் தலைப்புக்குப் பத்து பைட்தான் இடம். தமிழ் எழுத்தில் ஒவ்வொரு குறியும், புள்ளியும் சேர்த்து, மூன்று பைட் எடுக்கும். 'ஊர்' என்ற தலைப்பு நுழையும், 'இடம்' என்பதுகூட நுழையாது. அதனால் ஜியோபேக்கேஜ் வடிவத்தில் சேமியுங்கள். எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும், தமிழ் உடையாது. சிஎஸ்வி என்றால், தமிழ் எழுத்தையும் தாங்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஷேப்ஃபைல்தான் இருக்கிறது என்றால்?

கொண்டு வாருங்கள். ஒரே பெயரில் நாலைந்து கோப்புகள் இருக்கும், எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாக. முக்கியமாக பிஆர்ஜே என்று முடியும் கோப்பு. எந்த ஆயமுறை என்பது அதில்தான் எழுதியிருக்கும்.

மீத்தரவு, அதாவது தரவைப் பற்றிய விவரக் குறிப்பு, எழுதச் சொல்கிறீர்கள். எவ்வளவு எழுத வேண்டும்?

ஒரு பக்கம் போதும். யார் சேகரித்தது, எந்த ஆண்டு, எந்தக் கருவியால் அல்லது யார் சொல்லக் கேட்டு, எந்த ஆயமுறை, எந்தப் பத்தி எதைக் குறிக்கிறது, எங்கே சந்தேகம், இவ்வளவுதான். நூலகத்தார் அதை ஐஎஸ்ஓ 19115 என்ற சர்வதேசத் தரத்துக்கு மாற்றிக்கொள்வார்கள். அந்த எண்ணைப் பார்த்து நீங்கள் பயப்பட வேண்டாம்.

இதில் நான் விடாப்பிடியாகக் கேட்பது 'எங்கே சந்தேகம்' என்ற வரியைத்தான். 'இந்தப் பன்னிரண்டு கல்லறைகளில் மூன்றின் இடம் நினைவிலிருந்து சொன்னது' என்று எழுதியிருந்தால், பின்னால் வருகிறவர் அந்த மூன்றை மட்டும் சரிபார்ப்பார். எழுதாவிட்டால் ஒன்றில் பிழை கண்டதும் பன்னிரண்டையும் தள்ளிவிடுவார்.

எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டுமா? எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய இடமும் இருக்கிறது. தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்து, 2021 ஜூலை முதல் முழுமையாகக் கட்டுப்படுத்துகிறது. உயிரோடு இருக்கும் ஒருவரின் சமயம் அதில் சிறப்புப் பாதுகாப்புள்ள தகவல். 'நம் கோயிலுக்கு வரும் குடும்பங்கள்' என்று வீடு வீடாகப் புள்ளி வைத்த படம் எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்திருந்தாலும் அந்த வகைதான். அதைப் பொதுவில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். பகுதிவாரியாக எண்ணிக்கை மட்டும் கொடுங்கள், வீடு வேண்டாம்.

கப்பல் பட்டியல் காலத்தவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, காலமாகிவிட்டார்கள். ஆனால் கல்லறைகளுக்கு வேறு கவலை. கரும்புக் காடு இருந்த வடக்குக் கடற்கரை முழுவதும் இன்று வீட்டு மனைகளாகவும் கிடங்குகளாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. மவுண்ட் எட்ஜ்கோம்ப் தோட்ட நிலத்தில் கோல்ஃப் மைதானம் வந்துவிட்டது. வேலி இல்லாத பழைய இடுகாட்டின் துல்லிய இடம் வெளியே தெரிந்தால் தோண்டுகிறவர்களும் வரலாம். தெரியாவிட்டால் புல்டோசர் ஓட்டுகிறவருக்கு அங்கே கல்லறை இருப்பதே தெரியாது. இரண்டும் உண்மை. அதனால் நாங்கள் இரண்டு படியாக வைக்கிறோம். பொதுமக்கள் பார்க்கும் படத்தில் இரண்டு தசம இலக்கம் மட்டும், அதாவது ஒரு கிலோமீட்டர் அளவுக்கு மங்கலாக. துல்லியமான கோப்பு பூட்டியிருக்கும், கமிட்டி சம்மதித்தால்தான் திறப்போம். உள்ளாட்சி நிர்வகிக்கும் முறையான இடுகாட்டுக்கு வெளியே உள்ள, 60 ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறைகளுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. கட்டட வேலை தொடங்கும் முன் அந்தச் சட்டத்தைக் காட்டிப் பேச, தேதியிட்ட ஒரு பதிவு கையில் இருப்பது பெரிய பலம்.

கொடுத்த பிறகு அது யாருடையது?

உங்களுடையதுதான். நூலகத்துக்குக் கொடுப்பது பாதுகாக்கவும் காட்டவும் அனுமதி. பெரும்பாலான கமிட்டிகளுக்கு நான் சொல்வது கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்சுட்டல் 4.0 உரிமம். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். தரவோடு ஒரு டிஓஐ எண் வரும், மேற்கோள் காட்ட அதுவே முகவரி. திருத்தம் இருந்தால் புதிய பதிப்பாகச் சேர்ப்போம், பழையதும் இருக்கும்.

ஒன்று மட்டும் பாருங்கள். கூகுள் செயற்கைக்கோள் படத்தின் மேல் கோடு இழுத்து வரைந்ததை உங்கள் சொந்தத் தரவு என்று கொடுக்க முடியாது. அதற்கு வேறு நிபந்தனைகள் உண்டு. பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்ததென்றால் அதன் ஓடிபிஎல் உரிமமும் கூடவே வரும். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று உண்மையைச் சொல்லிவிட்டால் வழி கண்டுபிடிக்கலாம்.

வீட்டில் பழைய அரசாங்க நிலப்படம் இருக்கிறது. ஸ்கேன் செய்து போடலாமா?

அரசு வெளியிட்ட படத்துக்கு, வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டுகள் பதிப்புரிமை. அந்தக் காலம் கடந்த படம் என்றால் சரி. மடிப்பை வெந்நீர் ஆவியில் நீவப் பார்க்காதீர்கள், ஒட்டு நாடா ஒட்டாதீர்கள். அப்படியே கொண்டு வாருங்கள்.

எங்கள் ஆயாவுக்கு 88 வயது. அவர்களுக்குத்தான் எல்லா இடமும் தெரியும், ஆனால் கணினி தெரியாது. என்ன செய்வது?

மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு முதலில் இதைச் செய்யுங்கள்.

கேப்டவுனில் மவ்பிரேயில் உள்ள தேசிய நிலத் தகவல் அலுவலகத்தில் 1930-களிலிருந்து எடுத்த வான்வழிப் படங்கள் இருக்கின்றன, கேட்டால் இலவசமாகத் தருகிறார்கள். 1:50,000 நிலப்படமும் உண்டு. டர்பன் நகரம் 2931சிசி என்ற தாளில், சேட்ஸ்வொர்த் பக்கத்துத் தாளான 2930டிடியில். ஆயா வளர்ந்த இடத்தின் பழைய வான்வழிப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மேசையில் விரித்து வையுங்கள். மேலே ஒரு டிரேசிங் தாள். படத்தின் நான்கு மூலைகளையும் அந்தத் தாளில் குறித்துவிடுங்கள், பிறகு பொருத்திப் பார்க்க வேறு வழி இல்லை.

'எங்கே இருந்தது?' என்று உடனே கேட்காதீர்கள். படத்தைப் பார்த்துப் பழக நேரம் வேண்டும். ஆற்றையும் ரயில் பாதையையும் மட்டும் காட்டிக் கொடுங்கள். அப்புறம், 'ஆயா, பள்ளிக்கூடத்துக்கு எப்படி நடந்து போவீங்க?' என்று கேளுங்கள். வீட்டிலிருந்து புறப்பட்டு அவர் வாயாலேயே கடை, கிணறு, மாமரம், மாரியம்மன் கோயில், துணி துவைத்த கல் என்று ஒவ்வொன்றாக வரும். விரல் போகும் வழியே நீங்கள் பென்சிலால் தொடருங்கள். கைப்பேசியில் குரல் ஓடிக்கொண்டிருக்கட்டும். பதிவு செய்வதை முன்னாலேயே சொல்லி, சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், களைத்துவிடுவார்.

முடிந்ததும் தாளின் ஓரத்தில் ஆயாவின் பெயர், இன்றைய தேதி, அவர் சொல்லும் காலம் எந்த ஆண்டு வாக்கில் என்று எழுதுங்கள். தாளை மடிக்காமல் சுருட்டி, ஒலிப்பதிவோடு எங்களிடம் கொண்டு வாருங்கள். ஆயமுறையில் பொருத்துவது, தமிழில் பத்திகள் போடுவது, நகல் எடுப்பது எல்லாம் நாங்கள் சேர்ந்து செய்வோம். நடக்க முடிந்தால் ஆயாவையும் அழைத்து வாருங்கள். தரைத் தளத்திலேயே மேசை போட்டு வைக்கிறேன்.